மேற்குப் பக்கத்து அறை

செம்பூர், மும்பை
தை மாதம், ஞாயிறு

அன்பு மகள் மாலதிக்கு, அப்பா எழுதுவது.

நீ அனுப்பிய இரண்டாவது பிளான் வந்து சேர்ந்தது. போனில் எழுத்து சின்னதாகத் தெரிந்ததால் ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பெரிதாக எடுத்து வந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். போனிலேயே சொல்லலாமே என்று கேட்பாய். இந்த ஒற்றை அறையில் அம்மாவின் காதில் விழாத பேச்சு என்று ஒன்று கிடையாது. அதோடு பேச ஆரம்பித்தால் எனக்கு வரிசை தப்பிவிடும். என் வகுப்பில் உட்கார்ந்தவள் நீ, உனக்குத் தெரியாததல்ல. இன்று நடத்தப்போவதைக் கரும்பலகையில் எண் போட்டு எழுதாமல் நான் வாயைத் திறந்ததில்லை. அதே வழக்கப்படி இதையும் தொடங்குகிறேன்.

1. வீட்டின் நீளம் எந்தத் திசையில் போகவேண்டும்
2. ஜன்னல், சன்ஷேடு, காற்றின் வழி
3. மேற்குச் சுவரில் திறப்பு கூடாது. அங்கே ஸ்டோர் இருப்பதே சரி
4. மொட்டை மாடியும், மாப்பிள்ளை வாங்க நினைக்கும் ஏசியும்
5. அம்மாவின் உடம்பு
6. இன்னொன்று

ஆறாவதுக்குத் தலைப்பு வைக்க வரவில்லை. எழுதிக்கொண்டு போகும்போது வந்தால் எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் தாராவிப் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவன், அவ்வளவுதான். வீடு கட்டத் தெரிந்தவன் அல்ல. மாதுங்கா நூலகத்தில் இதைப் பற்றி இரண்டு புத்தகங்கள் எடுத்துப் படித்தேன். படித்ததைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்பதே சந்தேகம். உங்கள் இன்ஜினியர் டென்சில் அந்த மண்ணில் பல வீடுகள் கட்டியவர். அவர் சொல்வதும் நான் சொல்வதும் முட்டிக்கொண்டால் அவர் சொல்வதையே எடுத்துக்கொள்.

முதலாவது. உங்கள் மனைக்குக் கிழக்கே தெரு. மனை தெருவில் குறுகி உள்ளே நீண்டு போகிறது. ஆகவே வீடும் கிழக்கு மேற்காக நீளும். நீளமான சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கும். இது நீங்கள் தேடாமலே உங்களுக்கு அமைந்த நன்மை. உங்கள் பாவூர்சத்திரத்தில் சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணிப் பாதி வரை நடுப்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே நிற்கும். எந்தப் பக்கம் நின்றாலும் உயரத்தில் நிற்பதால், ஜன்னலுக்கு மேல் ஒரு சன்ஷேடு போட்டால் அந்த வெயில் உள்ளே வராது. காலையிலும் சாயங்காலமும் தாழ்ந்து வருகிற வெயிலைத்தான் சன்ஷேடு தடுக்காது. அது விழுகிற கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும் சின்னதாக இருப்பது நல்லது.

ஒரு எச்சரிக்கை. நம் மும்பையில் கிழக்கு மேற்கு என்றால் ரயில் பாதைக்கு எந்தப் பக்கம் என்றுதான் அர்த்தம். சூரியனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாப்பிள்ளையும் இங்கே வடாலாவில் பிறந்து வளர்ந்தவர். மனை விற்ற புரோக்கர் கிழக்கு என்று சொன்னது எந்தக் கிழக்கு என்று ஒருமுறை நேரில் பார்த்துவிடச் சொல். ஒரு கம்பை நட்டுக் காலையில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தால் போதும். நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம், சந்தேகப்படுகிறார் மாமா என்று நினைத்துக்கொள்வார்.

இரண்டாவது. ஒரு ஜன்னல் மட்டும் இருக்கிற அறையில் காற்று நுழையாது. நுழைந்த காற்று வெளியே போக எதிரே இன்னொரு வழி வேண்டும். இதற்குப் புத்தகமே வேண்டாம், எங்கள் அறையைப் பார்த்தால் போதும். குடிசை மாற்றுத் திட்டத்தில் தாராவி வீட்டை இடித்து இந்த மூன்றாம் மாடியைக் கொடுத்தபோது, சுவர் எல்லாம் சிமெண்ட், தனிக் கக்கூஸ் என்று நாம் எல்லோருமே சந்தோஷப்பட்டோம். அடுத்த கட்டடம் அப்போது எழும்பவில்லை. இப்போது எங்கள் ஒரே ஜன்னலுக்கு எதிரே அதன் சுவர்தான். கை நீட்டினால் தொட்டுவிடலாம் என்று சொன்னால் மிகையாகும். பக்கத்து வீட்டு ஃபர்ஸானா எதிர் ஜன்னல்காரிக்குத் துடைப்பக் கட்டையில் கட்டிக் கறிவேப்பிலை கொடுப்பதை மட்டும் பார்த்திருக்கிறேன். பகல் முழுக்க டியூப்லைட் எரிகிறது. துவைத்த துணி மின்விசிறிக்குக் கீழேதான் காய்கிறது. அம்மா தூங்கி எழுந்தால் முதலில் கேட்பது, "விடிஞ்சிட்டா, இல்ல மசங்கிட்டா?" என்பதுதான். நான் படிக்கட்டு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன்.

இந்தக் கடிதத்தையும் அந்தப் படிக்கட்டுத் திருப்பத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அங்கே சுவரில் ஓட்டை ஓட்டையாகச் சிமெண்ட் ஜாலி வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் வருவது அது ஒன்றின் வழியாகத்தான். ஏறி இறங்குகிறவர்களுக்கு வழிவிட அடிக்கடி எழுந்து நிற்கவேண்டியிருக்கிறது. வாக்கியம் எங்காவது அறுந்திருந்தால் மன்னித்துக்கொள்.

சமையலறை தென்கிழக்கு மூலையில் இருப்பது நல்லது. சாஸ்திரத்துக்காக வைத்தார்களோ என்னவோ, காலை வெயில் பட்டு ஈரம் காயும். உன் படுக்கையறையில் வடக்கு ஜன்னலும் அதற்கு எதிரே கதவும் இருக்கின்றன. கதவுக்கு மேல் ஒரு காற்றுத் துவாரம் வைக்கச் சொல். இந்தக் கட்டடத்தைக் கட்டியவர்கள் என்னென்ன செய்தார்களோ அவற்றுக்கு நேர் எதிராகச் செய்துகொண்டே போனால் ஒரு நல்ல வீடு வந்துவிடும்.

மூன்றாவது. முதல் பிளானில் மேற்கு ஓரத்தில் 'பெட்ரூம் 3' என்று இருந்த அறை இந்தப் பிளானில் 'ஸ்டோர்' என்று ஆகியிருக்கிறது. ஜன்னலை எடுத்துவிட்டு உச்சியில் ஒரு சின்னத் துவாரம் மட்டும் வைத்திருக்கிறார்கள். இது சரியான மாற்றம் என்றே நினைக்கிறேன். பிற்பகல் வெயில்தான் எல்லாவற்றிலும் கெட்டது. மேற்குச் சுவர் அதைக் குடித்துவைத்துக்கொண்டு, மனிதர் படுக்கிற நேரத்தில் உள்ளே விடும். அந்தப் பக்கத்தில் ஆள் புழங்காத அறையை வைத்தால், அது சூட்டைத் தான் வாங்கிக்கொண்டு மற்ற அறைகளைக் காப்பாற்றும். இரண்டு புத்தகங்களிலும் இதையே சொல்லியிருக்கிறார்கள். ஆகவே ஏன் மாற்றினாய் என்று யாராவது கேட்டால், அப்பாதான் அப்படி வைக்கச் சொன்னார் என்று தாராளமாகச் சொல். நீயும் மனதில் எதையும் வைத்துக்கொள்ளாதே.

அந்த அறை யாருக்கு என்று நீ அம்மாவிடம் போனில் சொன்னது எனக்கும் கேட்டது. "ஒங்க ரெண்டு பேருக்குந்தாம்மா" என்றாய். அதைப் பிடித்துக்கொண்டு நாங்கள் எதையும் எதிர்பார்க்கவில்லை. பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் பெற்றவர்கள் பெட்டியோடு போய் இறங்குவது நம் பக்கத்தில் வழக்கமில்லை. வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது. கார்த்திகையில் நீ பேசியபோது, "அம்மாவுக்கு இருமல் நின்னுட்டாப்பா?" என்று கேட்டாய். உன் பின்னால் சம்பந்தி அம்மாள், "நல்லா வெவரமாக் கேளு" என்றது எனக்கும் காதில் விழுந்தது. அவர்கள் கேட்டதில் தவறில்லை. பேத்தி அவர்கள் மடியில் வளர்கிறவள். நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.

பிளான் மாறியதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பிரிண்டு தெளிவாக வரவில்லை என்று சொல்லி மடித்து வைத்திருக்கிறேன்.

நான்காவது. மாப்பிள்ளை இரண்டு அறைக்கும் ஏசி போடப்போவதாகச் சொன்னாய். அவர் விருப்பம். ஆனால் உங்கள் பக்கத்தில் ஒரு தளம் மட்டும் உள்ள வீட்டுக்குள் சூடு இறங்குவது பெரும்பாலும் கூரை வழியாகத்தான். மொட்டை மாடியில் வெள்ளை ஓடு பதித்துவிட்டு, அல்லது வெறும் சுண்ணாம்பாவது அடித்துவிட்டு, ஒரு கோடையைக் கழித்துப் பாருங்கள். ஒரு ஏசியே போதும் என்று அவருக்கே தோன்றலாம். பிறகு சோலார் தகடு வைப்பதானால் தெற்குப் பார்த்துக் கொஞ்சமாகச் சாய்த்து வைக்கவேண்டும். தண்ணீர்த் தொட்டியின் நிழல் அதன்மேல் விழக்கூடாது. அதனால் தொட்டியின் இடத்தை இப்போதே யோசித்துக்கொள்ளச் சொல். இதை மட்டும் மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல். புத்திசொல்வதாக நினைத்துவிடக்கூடாது.

ஐந்தாவது. அம்மாவுக்கு மாத்திரை முழுக்க முடிந்துவிட்டது. சளியை மறுபடி பரிசோதித்தார்கள். டாக்டர் சொன்னதை ஒரு சொல் குறையாமல் எழுதுகிறேன்: டி.பி. குணமாகிவிட்டது, இவரிடமிருந்து இனி யாருக்கும் பரவாது, குழந்தைகள் உள்ள வீட்டில்கூட இருக்கலாம். கடைசி வாக்கியத்தை நான்தான் தனியாகக் கேட்டு வாங்கினேன். சீட்டின் படத்தை உனக்கு அனுப்பியிருக்கிறேன். உனக்காக அல்ல, யாராவது கேட்டால் காட்டுவதற்காக.

நல்ல காற்றும் வெளிச்சமும் உள்ள இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நெஞ்சில் திரும்பத் திரும்ப ஏதாவது வந்துகொண்டே இருக்கும் என்றும் டாக்டர் சொன்னார். நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். லிஃப்ட் மழைக்காலத்திலிருந்தே ஓடவில்லை. அம்மா மெதுவாக இறங்கிவிடுவாள், ஏறத்தான் மூச்சு போதவில்லை. அதனால் இறங்குவதையும் விட்டுவிட்டாள். கீழே இறங்கினாலும் இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் சாக்கடைதான், வெயில் இல்லை. மொட்டை மாடிக்குப் போகலாம் என்றால், துணி காயப்போடுவதில் வந்த சண்டைக்குப் பிறகு, கட்டடத்தை நிர்வகிக்கிற சொசைட்டிக்காரர்கள் அதைப் பூட்டிவிட்டார்கள். இந்த வீட்டை விற்றுவிட்டு வேறு இடம் போகலாமா என்று விசாரித்தேன். இன்னும் சில வருஷங்களுக்கு விற்கவும் கூடாது, வாடகைக்கு விடவும் கூடாது என்பது விதி. விதியை மீறிச் செய்துகொடுக்கிற ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

இதையெல்லாம் குறையாக எழுதவில்லை. ஐந்தாவது தலைப்பின் கீழ் வருவதால் எழுதினேன்.

ஆறாவது எழுத வரவில்லை. படிக்கட்டிலும் வெளிச்சம் போய்விட்டது.

இப்படிக்கு,
உன் அப்பா
பிரம்மநாயகம்

செவ்வாய்

கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு முறை தபால் பெட்டி வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். இதற்கிடையில் ஒன்று நடந்தது. அதையும் சேர்த்து அனுப்புவதே முறை.

நேற்று ஃபர்ஸானா இட்லி மாவு வாங்க வந்தவள், அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்து, தோல் வெளுத்துக் காகிதம் மாதிரி ஆகிவிட்டதே, இவரை ஏன் மேலே கொண்டுபோய் வெயிலில் உட்காரவைக்கவில்லை என்று கேட்டாள். பூட்டியிருக்கிறது என்றேன். சாவி கேட்டீர்களா என்றாள். சொசைட்டி செக்ரட்டரி ஒரு மாதிரியான ஆள், மராத்தியில் சத்தம் போடுவார் என்றேன். "கேக்காம எப்டி மாஸ்டர்ஜி கெடைக்கும்? இல்லன்னு சொன்னா திரும்பி வந்துடறது. கேக்குறதுக்கு என்ன ஷரம், என்ன வெக்கம்?" என்று சிரித்தாள். தமிழும் ஹிந்தியும் கலந்து அவள் பேசுவது உனக்குத் தெரியும். போன வேகத்தில் சாவியோடு வந்தாள். செக்ரட்டரி ஒரு சொல்கூடச் சொல்லவில்லையாம், ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தாராம். இத்தனை நாளாக அந்தச் சாவி அங்கே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நான் கேட்கவில்லை.

அவள் கணவர் முகம்மது ஹனீபும் நானும் அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். ஃபர்ஸானா சாவியோடு முன்னால் ஏறினாள். தூக்கினோம் என்று எழுதுகிறேன், பாரம் முழுக்க ஹனீப் பக்கம்தான். அம்மா நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மெல்ல, மெல்ல. அவியளக் கீழ விட்டுராதீக தம்பி, எனக்கு வேற ஆளு கெடையாது" என்று என்னைக் கண்ணால் காட்டி ஹனீபிடம் சொன்னாள். அவர் சிரித்ததில் நாற்காலி ஆடியது.

மேலே போனதும் அம்மாவுக்குக் கண் கூசியது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிற்பகல் வெயில். மோனோ ரயில் தூண்கள் வரிசையாகத் தெரிந்தன, மான்குர்த் பக்கம் புகை மூட்டமாக இருந்தது. வெயில் முதுகில் படுவது நல்லது என்று புத்தகத்தில் படித்திருந்ததால், நான் நாற்காலியைக் கிழக்கே பார்க்கத் திருப்பி வைத்தேன். அம்மா, "இங்கிட்டு வேண்டாம், அந்தப் பக்கம் திருப்புங்க, காத்து அங்கிட்டுல்லா இருந்து வருது" என்றாள். மேற்கே பார்த்துத் திருப்பினேன். கடல் பக்கத்திலிருந்து வந்த காற்றுதான். வெயில் முகத்தில் விழுந்தது. அதை அவள் பொருட்படுத்தவே இல்லை. வாயை லேசாகத் திறந்துகொண்டு மூச்சு இழுத்தாள். இருமல் வரும் என்று பயந்தேன். வரவில்லை.

அப்புறம், மாலதிக்கு என்ன எழுதுதீய என்று கேட்டாள். பையிலிருந்த கடிதத்தை எடுத்து முதலாவதையும் இரண்டாவதையும் வாசித்துக் காட்டினேன். மூன்றாவதில் மேற்குச் சுவரில் திறப்பு கூடாது என்பதை மட்டும் வாசித்துவிட்டு மேலே தாண்டப்போனேன். அம்மா நிறுத்தச் சொன்னாள். "மேக்க அடைச்சிட்டா அந்த ஊர்ல காத்து எங்கன கூடி வரும்? ஆனி ஆடியில மலையிலருந்து காத்தும் சாரலுமா வரும்லா. பாடம் நடத்துன ஆளுக்கு இதுகூடத் தெரியாதா?" என்றாள். "ரெண்டு பொஸ்தகம் படிச்சா இப்பிடித்தான்" என்று ஃபர்ஸானாவைப் பார்த்துச் சொன்னாள்.

நான் கடிதத்தை மடித்துவிட்டேன். மாலதி, தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகத்தான் உங்கள் பக்கம் இறங்குகிறது. அந்த இடத்தில் அம்புக்குறி போட்டு வருஷாவருஷம் கரும்பலகையில் காட்டியவன் நான். உங்கள் ஊரைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்பதும் அதனால்தான். அந்தப் புத்தகங்கள் வேறு ஊர் வெயிலைப் பற்றி எழுதியவை. அதை நான் யோசிக்கவில்லை. ஏன் யோசிக்கவில்லை என்று நேற்றிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அறை மாறியதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டால், உனக்கும் சொல்லச் சுலபம், எனக்கும் கேட்காமல் இருக்கச் சுலபம் என்று நினைத்துத்தான் தேடினேன் போலிருக்கிறது. தேடியது கிடைத்ததும் மேலே படிக்கவில்லை.

இறங்குவதற்கு முன்னால் அம்மா இன்னொன்று சொன்னாள். "நம்ம ரூம்புக்கு மேக்கால ஒரு சன்னல் வைக்கச் சொல்லுங்க. கட்டிலச் சுவரோரமாப் போட்டுக்கிடலாம். எந்திரிச்சிப் பாக்க முடியாட்டாலும் படுத்துக்கிட்டே வெளிய பாக்கலாம்லா" என்றாள். நம்ம ரூம்பு என்று அவள் சொன்னபோது எந்த அறை என்று நான் கேட்கவில்லை. சரி, எழுதுகிறேன் என்று மட்டும் சொன்னேன். பிறகு நாற்காலியைத் தூக்கினோம். ஒவ்வொரு மாடியாக இறங்க இறங்க வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. கதவைத் திறந்து உள்ளே வந்து டியூப்லைட்டைப் போட்டேன். அம்மா கட்டிலில் படுத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சாவியைச் சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இன்றைக்கும் கேட்கவேண்டும். கேட்டுவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.

சுவர் எழும்புவதற்கு முன்னால் இது உன் கைக்குக் கிடைக்கவேண்டும் என்பதால் இன்றே விரைவுத் தபாலில் போடுகிறேன். சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல். டாக்டர் சீட்டை அவர்களிடம் காட்டு. மாப்பிள்ளை மாரிக்கண்ணனுக்கு எங்கள் ஆசி. பேத்தியைத் தூக்கிக்கொண்டு வேலை நடக்கிற இடத்துக்குப் போகாதே, கம்பியும் ஜல்லியும் கிடக்கும். வீடு நல்லபடியாக எழும்பட்டும். அதற்குள் படுத்து எழுகிற ஒவ்வொருவருக்கும் விடிந்ததும் இருட்டியதும் தானாகவே தெரியட்டும்.

அந்த மேற்கு அறைக்கு ஒரு ஜன்னல் வை, மகளே. கட்டிலில் படுத்திருப்பவருக்கு வெளியே தெரிகிற உயரத்தில் வை. சாய்வாக வரும் வெயிலுக்கு வெளியே ஒரு வேப்பங்கன்று நட்டால் போதும், அது வளர்கிற வரைக்கும் ஒரு மூங்கில் தட்டி கட்டிக்கொள்ளலாம். ஸ்டோருக்கு இவ்வளவு தாழ்வாக எதற்கு ஜன்னல் என்று டென்சில் கேட்பார். மற்றவர்களும் கேட்பார்கள். அப்பா எண் போட்டு எழுதியதில் மூன்றாவது தவறு, அவரே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார் என்று சொல்.

அப்பா